தென்னாசிய மழைப்பொழிவும் காலநிலை மாதிரிகளும்

காலநிலை மாதிரி என்பது வளிமண்டலம், கடல், நிலப்பரப்பு, பனி ஆகியவற்றின் இயக்கத்தையும் அவற்றுக்கிடையே நிகழும் வெப்பம், நீர் ஆகியவற்றின் பரிமாற்றத்தையும் இயற்பியல் சமன்பாடுகளைக் கொண்டு கணினியில் உருவகிக்கும் முறையாகும். இம்மாதிரிகள் வெப்பநிலையை ஓரளவு நம்பகமாகக் காட்டுகின்றன. மழைப்பொழிவைக் காட்டுவதில் அவற்றின் திறன் குறைவு. இந்தியா, இலங்கை முதலிய நாடுகள் அடங்கிய தென்னாசியா, உலகின் மாதிரிகள் அனைத்துக்கும் கடினமான தேர்வுக்களமாகக் கருதப்படுகிறது. பருவக்காற்று, உயர்ந்த மலைத்தொடர்கள், வெப்பமான கடல்கள் ஆகிய மூன்றும் இங்கு ஒருங்கே அமைந்திருப்பது இதற்குக் காரணமாகும்.

இக்கட்டுரை துணைக்கண்டம் முழுமைக்குமான மாதிரிகளின் திறனை விளக்குகிறது. துணைக்கண்டத்துக்குச் சரியாகத் தோன்றும் ஒரு முடிவு ஓர் ஊருக்கு எவ்வாறு பொருந்தாமற் போகிறது என்பதைக் காட்ட, தூத்துக்குடி மாவட்டத்தின் கோவிற்பட்டி, எட்டயபுரம், எப்போதும்வென்றான் ஆகிய ஊர்களை உள்ளடக்கிய கரிசல் நிலப்பகுதி எடுத்துக்காட்டாகக் கொள்ளப்படுகிறது.

கட்டமும் ஊரும்

காலநிலை மாதிரி புவியின் மேற்பரப்பைச் சதுரக் கட்டங்களாகப் பிரித்துக்கொள்கிறது. ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு வெப்பநிலை, ஒரு காற்றுத் திசை, ஒரு மழையளவு மட்டுமே உண்டு. உலகளாவிய மாதிரிகளில் ஒரு கட்டத்தின் பக்கம் பொதுவாக 100 முதல் 250 கி.மீ வரை இருக்கும். கட்டத்தின் பக்கத்தைப் பாதியாகக் குறைத்தால் கணக்கீட்டுச் செலவு ஏறத்தாழ எட்டு மடங்கு முதல் பத்து மடங்கு வரை கூடிவிடும் என்பதால், கட்டங்களை விரும்பியவாறு சிறிதாக்க இயலாது.

எப்போதும்வென்றான், தூத்துக்குடியையும் மதுரையையும் இணைக்கும் நெடுஞ்சாலையில், எட்டயபுரத்துக்குத் தெற்கே, ஒட்டப்பிடாரம் வட்டத்தில் அமைந்துள்ள ஊராகும். இவ்வூரிலிருந்து தென்மேற்கே சுமார் 100 கி.மீ தொலைவுக்குள் மேற்குத் தொடர்ச்சி மலையின் மாஞ்சோலை, ஊத்து, நாலுமுக்கு ஆகிய தேயிலைத் தோட்டப் பகுதிகள் உள்ளன. அங்கு ஆண்டுக்கு 3000 மி.மீக்கும் மேல் மழை பெய்கிறது. தூத்துக்குடி மாவட்டத்தின் ஆண்டுச் சராசரியோ சுமார் 650 மி.மீ மட்டுமே. கிழக்கே சிறிது தொலைவில் மன்னார் வளைகுடா தொடங்கிவிடுகிறது. 200 கி.மீ கட்டம் ஒன்று இம்மலை, கரிசல், கடல் ஆகிய மூன்றையும் ஒன்றாகக் கலந்து ஒரே எண்ணைத் தருகிறது. அந்த எண் மாஞ்சோலைக்கும் பொருந்தாது, எப்போதும்வென்றானுக்கும் பொருந்தாது.

மலையின் உயரமும் இதே காரணத்தால் குறைந்துவிடுகிறது. மேற்குத் தொடர்ச்சி மலையின் உயர்ந்த சிகரமான ஆனைமுடி 2695 மீட்டர் உயரமுடையது. ஆனால் மலைத்தொடர் குறுகலானது. பெரிய கட்டத்தின் சராசரி உயரத்தைக் கணக்கிடும்போது அது சில நூறு மீட்டர் உயரமுள்ள மேட்டுநிலமாகத் தாழ்ந்துவிடும். தென்மேற்குப் பருவக்காற்று மேற்குச் சரிவில் ஏறி மழையைக் கொட்டிவிட்டு, கிழக்கே வறண்ட காற்றாக இறங்குவதே கரிசல் பகுதி மழைமறைவுப் பகுதியாக இருப்பதற்குக் காரணம். மலை தாழ்ந்தால் மழைமறைவும் மங்கிவிடும். இதனால் பல மாதிரிகளில் மேற்குக் கடற்கரையில் உண்மையைவிடக் குறைவாகவும் மலைக்குக் கிழக்கே உண்மையைவிடக் கூடுதலாகவும் சூன் முதல் செப்டம்பர் வரை மழை பெய்கிறது. இலங்கையின் நிலையும் இத்தகையதே. சுமார் 430 கி.மீ நீளமும் 220 கி.மீ அகலமும் கொண்ட அத்தீவு, பருமனான மாதிரியில் இரண்டு மூன்று கட்டங்களுக்குள் அடங்கிவிடும். அதன் மத்திய மலைநாடு காணாமற் போய்விடும்.

மழை உருவாகும் முறை

கட்டத்தின் அளவு மட்டும் சிக்கலன்று. வெப்பமண்டல மழையின் பெரும்பகுதி மேற்காவுகை முகில்களிலிருந்து, அதாவது சூடான ஈரக்காற்று செங்குத்தாக எழுவதால் உண்டாகும் இடிமுகில்களிலிருந்து கிடைக்கிறது. ஓர் இடிமுகிலின் அகலம் சில கிலோமீட்டர்களே. 100 கி.மீ கட்டத்துக்குள் அதனை நேரடியாகக் கணக்கிட முடியாது. ஆகவே, கட்டத்தின் சராசரி வெப்பம், ஈரப்பதம் ஆகியவற்றைக் கொண்டு முகில்களின் கூட்டு விளைவை ஊகிக்கும் விதிகள் மாதிரியில் சேர்க்கப்படுகின்றன. அகியோ அரக்காவாவும் வெய்ன் சூபர்ட்டும் 1974இல் வெளியிட்ட முறை இவ்வகையில் புகழ்பெற்றது. இன்று பல்வேறு முறைகள் வழக்கில் உள்ளன. மாதிரிக்கு மாதிரி மழை வேறுபடுவதற்கு இவ்விதிகளின் வேறுபாடு முதன்மையான காரணங்களுள் ஒன்றாகும்.

இவ்விதிகளால் ஏற்படும் பொதுவான குறை "தூறல் குறை" எனலாம். மாதிரியில் மழை அடிக்கடி பெய்கிறது, ஆனால் மென்மையாகப் பெய்கிறது. மொத்த அளவு சரியாக இருந்தாலும் பெய்யும் முறை தவறாகிவிடுகிறது. ஒரு கற்பனைக் கணக்கு இதனை விளக்கும். அக்டோபர் முதல் டிசம்பர் வரையுள்ள 92 நாட்களில் ஓரிடத்தின் மழைமானி 21 நாட்களில் நாளொன்றுக்கு 20 மி.மீ எனப் பதிவு செய்கிறது என்று கொள்வோம். மொத்தம் 420 மி.மீ. மாதிரியோ 84 நாட்களில் நாளொன்றுக்கு 5 மி.மீ எனக் காட்டுகிறது. இதன் மொத்தமும் 420 மி.மீயே. பருவத்தின் மொத்த மழையை மட்டும் ஒப்பிடும் ஆய்வாளருக்கு மாதிரி முழு மதிப்பெண் பெற்றதாகத் தோன்றும்.

கரிசல் மண்ணில் விதைப்பவருக்கு இவ்விரண்டும் ஒன்றல்ல. கரிசல் மண் களிப்பாங்கு மிகுந்தது. காய்ந்தால் ஆழமாக வெடிக்கும், நனைந்தால் உப்பி வெடிப்புகளை மூடிக்கொள்ளும். மண் வகைப்பாட்டில் இது வெர்ட்டிசால் எனப்படுகிறது. ஆழமாக நனைந்துவிட்டால், மழை நின்ற பின்னரும் பல வாரங்களுக்கு ஈரத்தைத் தக்கவைத்துப் பயிரைக் காக்கும் இயல்பு இம்மண்ணுக்கு உண்டு. நாள்தோறும் பெய்யும் 5 மி.மீ தூறலில் பெரும்பகுதி மேற்பரப்பிலிருந்தே ஆவியாகிவிடும், மண் ஆழமாக நனைவதில்லை. கோவிற்பட்டிப் பகுதியில் புரட்டாசிப் பட்டத்தில், பருவமழை தொடங்குவதற்கு முன்பே காய்ந்த மண்ணில் விதைக்கும் முறை வழக்கில் உள்ளது. விதை முளைப்பதற்கு ஓரிரு நாட்களுக்குள் 20 மி.மீ அல்லது அதற்கு மேற்பட்ட மழை தேவை. சிறிய மழையில் முளைத்து, அடுத்த மழை வராமல் காய்ந்தால் விதைச் செலவு முழுவதும் இழப்பாகும். உளுந்து, பாசிப்பயறு, பருத்தி, சோளம், கம்பு, மக்காச்சோளம், மிளகாய் என இங்கு விளையும் பயிர்களில் பெரும்பாலானவை மானாவாரியாகப் பயிரிடப்படுகின்றன.

மாதிரிகளின் வளர்ச்சி

மழையை முன்கூட்டியே அறியும் முயற்சி இந்தியாவில் பஞ்சத்தால் தூண்டப்பட்டது. இந்திய வானிலை ஆய்வுத்துறை 1875இல் நிறுவப்பட்டது. அடுத்த ஆண்டே தொடங்கிய 1876-78 பஞ்சம் சென்னை மாகாணத்தைக் கடுமையாகத் தாக்கியது. துறையின் முதல் தலைவரான என்றி பிளான்போர்டு இமயமலைப் பனிக்கும் பருவமழைக்கும் உள்ள தொடர்பை ஆராய்ந்தார். 1904 முதல் 1924 வரை தலைமை வகித்த கில்பர்ட் வாக்கர், உலகின் பல பகுதிகளின் காற்றழுத்தத் தரவுகளை ஒப்பிட்டு, தெற்கு அலைவு எனப்படும் பசிபிக் பெருங்கடலின் அழுத்த ஊசலாட்டத்தைக் கண்டறிந்தார். எல் நீனோ பற்றிய இன்றைய அறிவின் ஒரு வேர் இந்தியப் பருவமழை ஆய்வில் உள்ளது என்பது குறிப்பிடத்தக்கது.

வளிமண்டலத்தின் பொதுச் சுழற்சியைக் கணினியில் உருவகித்த முதல் மாதிரியை நார்மன் பிலிப்சு 1956இல் வெளியிட்டார். 1975இல் டக்ளசு கான், சியூகுரோ மனாபே ஆகியோர் தென்னாசியப் பருவக்காற்றை மலைகளுடனும் மலைகளின்றியும் தனித்தனியே உருவகித்துப் பார்த்தனர். மலைகளை நீக்கியபோது பருவக்காற்றுச் சுழற்சி துணைக்கண்டத்துக்குள் உரியவாறு நுழையவில்லை. இயற்கையில் செய்ய இயலாத இத்தகைய சோதனைகளே மாதிரிகளின் தலையாய பயன் என்று கூறலாம். மனாபே 2021இல் இயற்பியலுக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

உலகின் பல்வேறு நிறுவனங்கள் உருவாக்கும் மாதிரிகளை ஒரே நிபந்தனைகளில் இயக்கி ஒப்பிடும் "இணைந்த மாதிரிகள் ஒப்பீட்டுத் திட்டம்" 1995இல் உலகக் காலநிலை ஆராய்ச்சித் திட்டத்தால் தொடங்கப்பட்டது. இதன் மூன்றாம் கட்ட முடிவுகள் காலநிலை மாற்றம் தொடர்பான பன்னாட்டு அரசுகளுக்கிடையேயான குழுவின் 2007 அறிக்கையிலும், ஐந்தாம் கட்ட முடிவுகள் 2013 அறிக்கையிலும், ஆறாம் கட்ட முடிவுகள் 2021 அறிக்கையிலும் பயன்படுத்தப்பட்டன. புனேயிலுள்ள இந்திய வெப்பமண்டல வானிலையியல் நிறுவனத்தின் புவி அமைப்பு மாதிரி ஆறாம் கட்டத்தில் இடம்பெற்றது. இத்திட்டத்தில் பங்குகொண்ட முதல் இந்திய மாதிரி இதுவாகும்.

தென்மேற்குப் பருவமழை குறித்த மதிப்பீடுகள்

எச். அண்ணாமலை, கெவின் ஆமில்டன், கென்னத் சுபெர்பர் ஆகியோர் 2007இல் வெளியிட்ட ஆய்வில், மூன்றாம் கட்டத்தின் 18 மாதிரிகளுள் 6 மட்டுமே 20ஆம் நூற்றாண்டின் பருவமழைப் பரம்பலை ஏற்கத்தக்க வகையில் காட்டின. அந்த ஆறிலும் நான்கே எல் நீனோவுக்கும் பருவமழைக்கும் உள்ள தொடர்பை வலுவாக வெளிப்படுத்தின. சுபெர்பரும் பிறரும் 2013இல் மூன்றாம், ஐந்தாம் கட்ட மாதிரிகளை ஒப்பிட்டபோது முன்னேற்றம் காணப்பட்டது. எனினும், இந்தியாவில் பருவமழை தொடங்கும் நாள் பெரும்பாலான மாதிரிகளில் உண்மையைவிடத் தாமதமாகவே இருந்தது. எந்த ஒரு தனி மாதிரியையும்விட எல்லா மாதிரிகளின் சராசரி உண்மைக்கு நெருக்கமாக இருந்தது என்பது அவ்வாய்வின் மற்றொரு முடிவாகும். வெவ்வேறு மாதிரிகளின் பிழைகள் வெவ்வேறு திசையில் இருப்பதால் சராசரியில் அவை ஒன்றையொன்று குறைத்துக்கொள்கின்றன.

அனைத்து மாதிரிகளும் ஒரே திசையில் தவறினால் சராசரி உதவாது. இத்தகைய பொதுப்பிழைகள் தென்னாசியாவில் உள்ளன. மத்திய இந்தியாவிலும் கங்கைச் சமவெளியிலும் மழை குறைவாகவும், நிலநடுக்கோட்டை ஒட்டிய இந்தியப் பெருங்கடலில் கூடுதலாகவும் பல மாதிரிகளில் காணப்படுகிறது. அரபிக்கடல் உண்மையைவிடக் குளிர்ந்ததாக உருவகிக்கப்படுவது இதற்கு ஒரு காரணம். கடல் குளிர்ந்தால் ஆவியாதல் குறைந்து, நிலத்தை அடையும் ஈரமும் குறைகிறது. ஆறாம் கட்ட மாதிரிகளில் மேற்குத் தொடர்ச்சி மலைப் பகுதியிலும் வடகிழக்கு இமயமலை அடிவாரத்திலும் மழைப்பரம்பல் மேம்பட்டுள்ளது. மத்திய இந்தியாவின் வறட்சிப் பிழை முற்றிலும் நீங்கவில்லை.

நீண்டகாலப் போக்கைக் காட்டுவதில் உள்ள குறை இதனினும் கவலைக்குரியது. இந்தியப் புவி அறிவியல் அமைச்சகம் 2020இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, 1951 முதல் 2015 வரை தென்மேற்குப் பருவமழை சுமார் 6 விழுக்காடு குறைந்துள்ளது. ஐந்தாம் கட்ட மாதிரிகளில் பெரும்பாலானவை இச்சரிவைக் காட்டத் தவறின என்பதை இந்தியத் தொழில்நுட்பக் கழகம் மும்பையைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2014இல் சுட்டிக்காட்டினர். காற்றில் கலக்கும் நுண்துகள்கள் ஞாயிற்றொளியைத் தடுத்துப் பருவக்காற்றை வலுவிழக்கச் செய்தன என்னும் விளக்கத்தை போலாசினா, மிங், வெ. இராமசாமி ஆகியோர் 2011இல் முன்வைத்தனர். வெப்பமடைந்த காற்று கூடுதல் நீராவியைத் தாங்குவதால் 21ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தென்னாசியப் பருவமழை கூடும் என்று 2021 அறிக்கை கூறுகிறது. கடந்தகாலச் சரிவைக் காட்டத் தவறிய வகை மாதிரிகள் எதிர்கால உயர்வைக் கூறும்போது அதனை எவ்வளவு நம்பலாம் என்ற கேள்வி இயல்பாகவே எழுகிறது. நுண்துகள்களின் அளவு குறையும்போது உயர்வு வெளிப்படும் என்பது ஒரு சாராரின் விடையாகும்.

வடகிழக்குப் பருவமழை

மேற்கூறிய ஆய்வுகள் யாவும் சூன் முதல் செப்டம்பர் வரையிலான மழையைப் பற்றியவை. இந்தியாவின் பெரும்பகுதிக்கு அதுவே மழைக்காலம் என்பதால் ஆய்வாளரின் கவனமும் அங்கேயே குவிந்துள்ளது. தமிழ்நாட்டின் நிலை வேறு. இங்கு ஆண்டு மழையில் ஏறத்தாழப் பாதி, அதாவது சுமார் 440 மி.மீ, அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையாகக் கிடைக்கிறது. தூத்துக்குடி மாவட்டத்தில் இதன் பங்கு பாதியையும் தாண்டுகிறது. ஆகவே "இந்தியப் பருவமழையைச் சிறப்பாகக் காட்டும் மாதிரி" என்ற பாராட்டைப் பெற்ற ஒன்று கோவிற்பட்டிக்கும் சிறப்பாக அமையும் என்று கொள்ளக் கூடாது. இத்தவறு திட்ட அறிக்கைகளில் அரிதாகவே கவனிக்கப்படுகிறது.

வடகிழக்குப் பருவமழை தொடர்ச்சியாகப் பெய்வதில்லை. வங்கக்கடலில் தோன்றும் காற்றழுத்தத் தாழ்வுப் பகுதிகள், கிழக்கிலிருந்து நகரும் அலைகள், புயல்கள் ஆகியவை சில நாட்களுக்குள் பெருமளவு மழையைத் தந்துவிட்டுச் செல்கின்றன. ஒரு பருவத்தில் இவற்றுள் இரண்டு தடம் மாறினாலே வறட்சி ஏற்படக்கூடும். பருமனான மாதிரிகளில் இவை வலுக்குறைந்தும் எண்ணிக்கையில் தவறாகவும் உருவாகின்றன.

ஆண்டுகளுக்கிடையேயான வேறுபாடும் மிகப் பெரியது. 2015இல் வலுவான எல் நீனோ நிலவியபோது தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழை இயல்பைவிட 53 விழுக்காடு கூடுதலாகப் பெய்தது. சென்னைப் பெருவெள்ளம் அவ்வாண்டில் நிகழ்ந்தது. அடுத்த ஆண்டான 2016இல் மழை இயல்பைவிட 62 விழுக்காடு குறைந்து, சுமார் 140 ஆண்டுகளில் காணாத பற்றாக்குறை ஏற்பட்டது. 2017 சனவரியில் மாநிலத்தின் அனைத்து மாவட்டங்களும் வறட்சியால் பாதிக்கப்பட்டவையாக அறிவிக்கப்பட்டன. எல் நீனோ தென்மேற்குப் பருவமழையைக் குறைக்கும், வடகிழக்குப் பருவமழையைக் கூட்டும் போக்குடையது. ஒரு மாதிரி நம்பத்தக்கதாக இருக்க வேண்டுமாயின் இவ்விரு எதிரெதிர் விளைவுகளையும் ஒருசேரக் காட்ட வேண்டும். இது எளிதான சோதனையன்று.

இவ்விடத்தில் ஒரு குழப்பத்தை நீக்குவது தேவை. தடையின்றி இயங்கும் காலநிலை மாதிரியில் "2016" எனக் குறிக்கப்படும் ஆண்டு உண்மையான 2016 அன்று. மாதிரி தனக்கே உரிய எல் நீனோக்களையும் வறட்சிகளையும் உருவாக்கிக்கொள்கிறது. 30 ஆண்டுகளில் எத்தனை வறட்சிகள், எவ்வளவு கடுமையானவை என்னும் புள்ளியியல் ஒத்திருக்க வேண்டுமே தவிர, ஆண்டுகள் ஒத்திருக்க வேண்டியதில்லை. நாளைய மழையைக் கூறும் வானிலை முன்னறிவிப்பு மாதிரி வேறு வகையைச் சேர்ந்தது. அது இன்றைய அளவீடுகளிலிருந்து தொடங்குகிறது. 2025 மே மாதத்தில் தொடங்கப்பட்ட, 6 கி.மீ கட்டங்களைக் கொண்ட பாரத் முன்னறிவிப்பு அமைப்பு அவ்வகையினதாகும்.

2023 டிசம்பர் மழை

2023 டிசம்பர் 18 காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 செ.மீ, திருச்செந்தூரில் 69 செ.மீ, திருவைகுண்டத்தில் 62 செ.மீ, கோவிற்பட்டியில் 53 செ.மீ மழை பதிவானது. கோவிற்பட்டியில் ஒரே நாளில் பெய்த மழை, மாவட்டத்தின் ஆண்டுச் சராசரியில் ஐந்தில் நான்கு பங்காகும். குமரிக்கடல் பகுதியில் நிலவிய வளிமண்டலச் சுழற்சி இதற்குக் காரணமாக அமைந்தது. புயல் எதுவும் இல்லை. வானிலை ஆய்வுத்துறையின் வகைப்பாட்டில் 20.4 செ.மீக்கு மேற்பட்ட ஒருநாள் மழையே அதிகனமழை எனப்படுகிறது என்பதைக் கொண்டு இதன் அளவை உணரலாம். பெய்த மழை முன்னறிவிக்கப்பட்டதைவிட மிகவும் மிகுதி என்று மாநில அரசு அப்போது கூறியது.

வறட்சிக்குப் பெயர்பெற்ற நிலத்தில் இத்தகைய நாள் எத்தனை ஆண்டுகளுக்கு ஒருமுறை வரும் என்பதே கண்மாய்க் கரைகளையும் பாலங்களையும் வடிவமைப்போர் மாதிரியிடம் கேட்கும் கேள்வி. 100 கி.மீ கட்டத்தின் சராசரி இதற்கு விடையளிக்காது. மேலும், ஒரு மழைமானியின் பதிவை ஒரு கட்டத்தின் சராசரியோடு நேரடியாக ஒப்பிடுவதும் முறையன்று. மாதிரி பிழையற்றதாக இருந்தாலும், பரந்த பரப்பின் சராசரி ஓர் இடத்தின் உச்ச அளவைவிடக் குறைவாகவே இருக்கும்.

ஒப்பிடுவதற்கான அளவீடுகள்

மாதிரியை மதிப்பிட நம்பகமான அளவீடு வேண்டும். இந்திய வானிலை ஆய்வுத்துறை 1901 முதலான நாள் மழையைச் சுமார் 25 கி.மீ கட்டங்களாகத் தொகுத்துள்ளது. இதற்கு 6955 மழைமானி நிலையங்களின் பதிவுகள் பயன்பட்டன. எல்லா நிலையங்களும் எல்லா ஆண்டுகளிலும் இயங்கவில்லை. மலைகளில் நிலையங்கள் குறைவு. நிலையங்களுக்கு இடைப்பட்ட பகுதியின் மழை கணக்கீட்டால் நிரப்பப்படுகிறது. 1997 முதல் 2015 வரை இயங்கிய வெப்பமண்டல மழை அளவீட்டுச் செயற்கைக்கோளும், 2014இல் ஏவப்பட்ட அதன் வழித்தோன்றலும் கடற்பரப்பின் மழையையும் அளந்துள்ளன. இவ்வெவ்வேறு தரவுகளுக்கிடையேயும் வேறுபாடு உண்டு. கரிசல் பகுதியைப் பொறுத்தவரை கோவிற்பட்டி வேளாண்மை ஆராய்ச்சி நிலையத்தின் பதிவுகள் மதிப்பு மிக்கவை. மானாவாரி வேளாண்மைக்கான அனைத்திந்திய ஒருங்கிணைந்த ஆராய்ச்சித் திட்டத்தின் மையம் ஒன்று இங்குச் செயற்படுகிறது.

நுணுக்கமாக்கும் முறைகள்

உலக மாதிரியின் முடிவை எல்லையாகக் கொண்டு, ஒரு வட்டாரத்தை மட்டும் சிறிய கட்டங்களில் மீண்டும் கணக்கிடும் மாதிரி வட்டாரக் காலநிலை மாதிரி எனப்படும். பிரித்தானியாவின் ஆட்லி மையம் உருவாக்கிய பிரெசிசு என்னும் மாதிரியை 50 கி.மீ கட்டங்களில் இயக்கி, இந்திய வெப்பமண்டல வானிலையியல் நிறுவனத்தின் ரூப குமார் முதலியோர் 2006இல் முடிவுகளை வெளியிட்டனர். மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைமறைவு அதில் தெளிவாகப் புலப்பட்டது. பின்னர் 2009இல் தொடங்கிய கார்டெக்சு என்னும் பன்னாட்டுத் திட்டத்தின் தென்னாசியப் பிரிவை அந்நிறுவனம் ஒருங்கிணைக்கிறது.

சிறிய கட்டம் எப்போதும் வென்றுவிடுவதில்லை. உலக மாதிரியில் அரபிக்கடல் குளிர்ந்திருந்தால் அப்பிழை எல்லை வழியாக வட்டார மாதிரிக்குள்ளும் வந்துவிடும். தென்னாசியப் பருவமழையில் வட்டார மாதிரிகள் தம் தாய் மாதிரிகளைவிடச் சீரான முன்னேற்றம் எதனையும் தரவில்லை என்று 2017இல் வெளியான இந்திய ஆய்வொன்று கண்டது.

புள்ளியியல் முறையில் பிழையைத் திருத்துவதும் உண்டு. மாதிரியின் மழை கடந்தகாலத்தில் எவ்வளவு பிழைபட்டதோ அவ்வளவு எதிர்காலத்திலும் பிழைபடும் என்ற எடுகோளின் அடிப்படையில் எண்கள் மாற்றப்படுகின்றன. தூறல் குறையை இம்முறை ஓரளவு மறைக்கும். ஆனால் மழை வரும் வாரத்தை அது திருத்தாது. மாதிரியில் உருவாகாத புயலை உருவாக்கவும் அதனால் இயலாது. மாவட்ட அளவிலான வரைபடங்களில் வண்ணம் தீட்டப்பட்டுத் தரப்படும் எண்கள் பெரும்பாலும் இவ்வாறு திருத்தப்பட்டவையே. வரைபடம் நுணுக்கமாக இருப்பதால் தகவலும் நுணுக்கமானது என்று கொள்வது தவறாகும்.

பிற கண்டங்கள்

மேற்கு ஆப்பிரிக்காவின் சாகேல் பகுதியில் எதிர்கால மழை கூடுமா குறையுமா என்பதிலேயே மாதிரிகள் நெடுங்காலமாக முரண்பட்டு வந்துள்ளன. கிழக்கு ஆப்பிரிக்காவில் மார்ச்சு முதல் மே வரையான மழை 20ஆம் நூற்றாண்டின் இறுதியில் குறைந்தபோது மாதிரிகள் உயர்வைக் காட்டின. இது "கிழக்கு ஆப்பிரிக்கக் காலநிலைப் புதிர்" எனப்படுகிறது. அமேசான் படுகையில் மாதிரிகளின் மழை உண்மையைவிடக் குறைவாக இருப்பது வழக்கம். ஐரோப்பாவில் குளிர்கால மழை அகன்ற புயல் அமைப்புகளால் பெய்வதால் அது ஒப்பீட்டளவில் நன்கு உருவகிக்கப்படுகிறது. இடிமுகில்களை ஊகவிதிகளின்றி நேரடியாகக் கணக்கிடும், 5 கி.மீக்கும் குறைவான கட்டங்களைக் கொண்ட உலக மாதிரிகள் தற்போது சோதனை நிலையில் உள்ளன. பல பத்தாண்டுகளுக்கு அவற்றைத் தொடர்ந்து இயக்கத் தேவைப்படும் கணினி ஆற்றல் மிகப் பெரிதாகும்.